மீன் தொட்டி அறை: சுவருக்கு எது ஒத்துவரும், எது ஒத்துவராது?

மீன் தொட்டி வாங்கும்போது எல்லாவற்றையும் அலசிப் பார்ப்போம். எந்த மீன், எந்த வடிகட்டி, எத்தனை வாட் விளக்கு...

தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சுவர்? அதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை.

ஓரிரண்டு ஆண்டு கழித்து வீட்டில் ஒரு வாடை அடிக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தொட்டியின் பின்புறம் கறுப்புப் புள்ளிகள். சாயம் உப்பியிருக்கும். வால்பேப்பரின் ஓரம் சுருண்டிருக்கும்.

அப்போது ஒன்றும் செய்யவும் முடியாது. 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள ஒரு நாலடித் தொட்டியில் கிட்டத்தட்ட 240 லிட்டர் தண்ணீர் கொள்ளும். அதாவது 240 கிலோகிராம். கண்ணாடி, மணல், கல் எல்லாம் தனி. தண்ணீரை இறைக்காமல் அதை ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாது.

ஆக, சுவரைப் பற்றி முடிவெடுக்க ஒரே ஒரு நல்ல நேரம்தான் உண்டு. தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்? வாங்க, பார்ப்போம்.

சுவருக்கு என்னதான் ஆகுது?

தொட்டியிலிருந்து தண்ணீர் தெறிப்பதுதான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கதைதான். கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும் தண்ணீர்தான் பெரிய பிரச்சினை.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். தொட்டியின் வெளிப்புறத்தில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒரு சிறு டேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் தண்ணீர் சேர்க்காதீர்கள். பிறகு மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

மேலே சொன்ன நாலடித் தொட்டியில் மட்டம் 1 செ.மீ. இறங்கினால், 5.4 லிட்டர் தண்ணீர் காற்றில் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

5.4 லிட்டர் அதிகமா? 3 மீட்டருக்கு 3 மீட்டர் அளவுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கூரை உயரம் 2.6 மீட்டர். 28 டிகிரி செல்சியஸில் அந்த அறையின் காற்று மொத்தமாகவே சுமார் 640 கிராம் நீராவியைத்தான் தாங்கும். தொட்டி ஒரே வாரத்தில் அதைப்போல் 8 மடங்குக்கும் மேல் வெளியிடுகிறது.

அந்த ஈரம் எங்கேயாவது போகத்தானே வேண்டும்? சன்னல் வழியாகவோ குளிரூட்டி வழியாகவோ போகாவிட்டால் சுவர், கூரை, துணிமணி, புத்தகம் எல்லாவற்றிலும் ஏறும்.

சிங்கப்பூரில் இது இன்னும் சிக்கல். இங்கு வெளிக்காற்றே ஈரமானது. ஒப்பு ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழை இல்லாத நாளில், பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல்.

குளிரூட்டி போட்டால் சரியாகிடுமா?

ஓரளவுக்கு. குளிரூட்டி ஓடும்போது காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும். ஆனால் அது சுவரையும் குளிரவைக்கும்.

காற்றில் உள்ள நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டால் தண்ணீராக மாறும். ஐஸ் போட்ட கிளாஸின் வெளியே நீர் முத்துமுத்தாக நிற்பது அதனால்தான். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 26 டிகிரியில் உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அப்படி நீர் படியத் தொடங்கும்.

இரவு முழுவதும் 24 டிகிரியில் குளிரூட்டி ஓடுகிறது. காலையில் அதை நிறுத்திவிட்டு சன்னலைத் திறக்கிறோம். வெளியிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது, சுவர் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது. காற்றோட்டமே இல்லாத தொட்டியின் பின்பக்கச் சுவர்தான் கடைசியாகக் காயும்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் பலரும் தண்ணீரைக் குளிர்விக்கத் தனிச் சாதனம் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால், ஈரமான நாளில் தொட்டியின் கண்ணாடியே வியர்க்கும். அந்த நீர் வழிந்து மரத்தாங்கிக்கும் சுவரின் அடிப்பகுதிக்கும் போகும்.

செடித் தொட்டிகளின் மேல் சிறிய காற்றாடி மாட்டுவதும் உண்டு. அது தண்ணீரை வேகமாக ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. தொட்டி குளிரும். அறையின் ஈரம் ஏறும்.

பூஞ்சை வந்தால் என்ன ஆகும்?

அழகு கெடுவது மட்டும் இல்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருப்போருக்கு ஆஸ்துமா, இருமல், மூச்சிரைப்பு போன்ற சுவாசப் பிரச்சினைகள் வரும் சாத்தியம் கூடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்புகள் அதை எடுத்துச் சொல்கின்றன.

வீவக வீட்டில் மீனுக்கென்றே தனி அறை ஒதுக்குவது அபூர்வம். "மீன் அறை" என்று நாம் சொல்வது பெரும்பாலும் யாரோ தூங்கும் அறை. தம்பி படிக்கும் அறை. பாட்டி பகலில் ஓய்வெடுக்கும் அறை. தொட்டியின் பின்னால் வளரும் பூஞ்சையை அவர்கள்தான் சுவாசிக்கிறார்கள்.

பூஞ்சைக்கு இரண்டு தேவை. ஒன்று ஈரம். இன்னொன்று உணவு. கான்கிரீட்டும் கண்ணாடியும் அதற்கு உணவாகாது. காகிதம், மரத்தூள், பசை, துணி, சுவரில் படியும் தூசு எல்லாம் உணவு.

இதைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் 3 கேள்வி கேளுங்கள்:

- இதில் பூஞ்சைக்கு உணவு இருக்கா?
- இதன் பின்னால் ஈரம் ஒளிந்துகொள்ள இடம் இருக்கா?
- ஈரத்துணியால் அடிக்கடி துடைத்தால் தாங்குமா?

"வாட்டர்ப்ரூஃப்" என்று அட்டையில் எழுதியிருப்பதைவிட இந்த மூன்று பதில்கள் முக்கியம்.

வினைல் வால்பேப்பர்: ஏன் கவனம் தேவை?

கடையில் கேட்டால், "இது வினைல், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்பார்கள். உண்மைதான், முன்பக்கத்துக்கு.

பின்பக்கம்தான் சிக்கல். வினைல் ஒரு பிளாஸ்டிக் படலம். நீராவியை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. குளிரூட்டப்பட்ட அறையின் வெளிச்சுவரை நினைத்துப் பாருங்கள். வெளியே வெப்பமும் ஈரமும். உள்ளே குளிர்ச்சி. மழையில் நனைந்த சுவரிலிருந்து ஈரம் உள்நோக்கி நகர்கிறது. வழியில் வினைல் தடுக்கிறது. குளிர்ந்த அந்தப் படலத்தின் பின்னால் ஈரம் தேங்குகிறது. அங்கே வால்பேப்பர் பசையும் காகிதமும் இருக்கின்றன. பூஞ்சைக்கு விருந்து.

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில், குளிரூட்டப்பட்ட ஹோட்டல் அறைகளில் வினைல் வால்பேப்பருக்குப் பின்னால் பூஞ்சை பிடித்தது பெரிய பிரச்சினையானது. முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். உரித்தால்தான் தெரியும்.

தொட்டி உள்ள அறையில் இரு பக்கமும் ஈரம். எனவே வெளிச்சுவரிலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் வினைலைத் தவிர்ப்பது நல்லது. வால்பேப்பர் மேல் ரொம்ப ஆசை என்றால், தொட்டிக்கு எதிரே உள்ள காய்ந்த உட்சுவரில் ஒட்டலாம். சாதாரணக் காகித வால்பேப்பர் இந்த அறைக்கே வேண்டாம்.

வேறு எதெல்லாம் வேண்டாம்?

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், செங்கல்போலத் தோன்றும் நுரைப்பலகை ஸ்டிக்கர்கள்: சுவருக்கும் நுரைக்கும் இடையில் நிறைய சிறு இடைவெளிகள். ஈரம் அங்கே தங்கும்.

எம்டிஎஃப் பலகை: மரத்தூளை அழுத்திச் செய்தது. மேலே லேமினேட் இருந்தாலும், வெட்டிய ஓரம் வழியாகத் தண்ணீர் ஏறினால் ஊதிவிடும். ஊதியது மறுபடி பழைய நிலைக்கு வராது. சுவரின் அடியில் ஓடும் அலங்காரப் பட்டையும் பல வீடுகளில் எம்டிஎஃப்தான். தொட்டி உள்ள பக்கம் அதை டைல்ஸுக்கோ பிளாஸ்டிக்குக்கோ மாற்றுங்கள்.

வரிவரியான சுவர்ப்பலகைகள்: இப்போது பல வீடுகளில் பார்க்கலாம். பிவிசி பலகைக்கு ஈரத்தால் ஒன்றும் ஆகாது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை சுமாராகத் தாங்கும். ஆனால் பல நேரம் அவற்றை மரச்சட்டங்களின் மேல்தான் பொருத்துகிறார்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட்டமில்லாத ஓர் இடைவெளி. பூஞ்சை மட்டுமல்ல, கரப்பான்பூச்சிக்கும் நல்ல வீடு. வரிகளுக்கு நடுவே துடைப்பதும் கஷ்டம்.

ஜிப்சம் பலகைத் தடுப்பு: உங்கள் அறையின் சுவர் கான்கிரீட்டா, இல்லை பின்னர் போட்ட தடுப்புச் சுவரா? தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம்போலச் சத்தம் வந்தால் ஜிப்சமாக இருக்கலாம். அதன் இரு பக்கமும் காகிதம் ஒட்டப்பட்டிருக்கும். பச்சை நிற ஜிப்சம் ஈரத்தை ஓரளவு தாங்கும். ஆனால் அது நீர் புகாத பலகை அல்ல. புதிதாகத் தடுப்பு போடுவதாக இருந்தால், இழை சிமென்ட் பலகை நல்ல தேர்வு. அதில் காகிதம் இல்லை.

அப்போ எதுதான் நல்லது?

எல்லாச் சுவருக்கும் ஒரே பொருள் தேவையில்லை. அறையை 3 பகுதியாகப் பிரித்துப் பாருங்கள். செலவும் குறையும்.

முதல் பகுதி: தொட்டிக்குப் பின்னாலும் பக்கங்களிலும்

தண்ணீர் மாற்றும்போதும், வடிகட்டியைக் கழுவும்போதும், மீன் துள்ளும்போதும் நேராக நனையும் இடம் இது. தொட்டியின் ஓரத்திலிருந்து இரு பக்கமும் குறைந்தது அரை மீட்டராவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

போர்சலின் டைல்ஸ் இங்கு மிக உறுதியானது. அனைத்துலகத் தரநிலைப்படி போர்சலின் என்று சொல்ல வேண்டுமானால், அது தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சக்கூடாது. ஆனால் டைல்ஸுக்கு நடுவே உள்ள கோடுகளைக் கவனிக்க வேண்டும். சாதாரண சிமென்ட் கலவை தண்ணீரை உறிஞ்சிக் கறுக்கும். எபோக்ஸி கலவை உறிஞ்சாது, விலை கூடுதல். பெரிய டைல்ஸாக எடுத்தால் கோடுகளே குறையும்.

கண்ணாடி அல்லது அக்ரிலிக் பலகை இன்னொரு வழி. சமையலறை அடுப்புக்குப் பின்னால் போடுவார்களே, அதேதான். இணைப்பே இல்லாத ஒரே பரப்பு. ஒரு துடைப்பில் சுத்தமாகும். பின்பக்கம் நிறம் பூசிய கண்ணாடி தொட்டிக்குப் பின்னணியாகவும் அமையும். சுவரோடு முழுமையாக ஒட்டி, ஓரங்களை சிலிகோனால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஈரம் புகும்.

பட்ஜெட் குறைவா? சாயமே போதும். ஆனால் எந்தச் சாயம் என்பதைப் பார்த்து எடுக்க வேண்டும். அடுத்த பகுதியில் அதைப் பார்ப்போம்.

இரண்டாம் பகுதி: மற்ற சுவர்கள்

இங்கு தண்ணீர் நேராகப் படாது. ஈரக்காற்று மட்டும்தான். பூஞ்சைத் தடுப்புப் பொருள் கலந்த, கழுவக்கூடிய எமல்ஷன் சாயம் போதுமானது.

பளபளப்பே இல்லாத சாயம் பார்க்க அழகு. ஆனால் துடைக்கத் துடைக்கத் தடம் விழும், தூசும் அதிகம் பிடிக்கும். மிதமான பளபளப்பு உள்ள சாயம் துடைப்பைத் தாங்கும்.

எண்ணெய்ச் சாயம், எபோக்ஸிச் சாயம் இன்னும் பலமானவைதானே என்று கேட்கலாம். காய்ந்த உட்சுவரில் சரி. சுவரின் உள்ளிருந்தே ஈரம் வரும் இடத்தில் பூசினால், வெளியேற வழியில்லாமல் சாயம் கொப்புளம்போல எழும்பும். அப்படிப்பட்ட சுவருக்கு, நீராவியைக் கொஞ்சம் வெளியே விடும் எமல்ஷன்தான் நல்லது.

மூன்றாம் பகுதி: கூரை

ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. மேலே போகும். தொட்டிக்கு நேர் மேலே உள்ள கூரையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கும் பூஞ்சைத் தடுப்புச் சாயம் பூசுங்கள். விளக்கு வெளிச்சத்தில் நிழல்போலத் தெரியும் சாம்பல் நிறத் திட்டுதான் முதல் அறிகுறி.

பழைய வீடுகளில் கூரைக் கான்கிரீட் பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்புவதால் அப்படி ஆகிறது. ஈரம் அந்தத் துருவை வேகப்படுத்தும். விரிசலோ உப்பலோ தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சாயத்தால் மறைக்காதீர்கள்.

கடல்நீர்த் தொட்டியா? கூடுதல் கவனம்

கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. குமிழ்கள் வெடிக்கும்போது நுண்ணிய துளிகள் தெறிக்கும். தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு சுவரிலேயே நிற்கும்.

சாதாரண உப்பு, ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் ஊரின் சராசரியே அதைவிட அதிகம். அதாவது, உப்பு படிந்த சுவர் இங்கு சரியாகக் காயவே காயாது.

காய்ந்த துணியால் தட்டிவிடுவது போதாது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலர்த்த வேண்டும். சாயத்தைவிட டைல்ஸோ கண்ணாடியோ இங்கு பல மடங்கு வசதி. சுவரில் திருகாணி அடிப்பதாக இருந்தால் 316 ரக எவர்சில்வர் தேடுங்கள். வழக்கமான 304 ரகத்தைவிட அது உப்பைத் தாங்கும்.

சுவர் ஏற்கெனவே ஈரமா? ஒரு சின்ன சோதனை

எதைப் பூசினாலும் அடியில் சுவர் ஈரமாக இருந்தால் காசு வீண். வீட்டிலேயே சோதிக்கலாம்.

30 செ.மீ. சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்றை எடுத்து, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டுங்கள். ஓரிரு நாள் அப்படியே விடுங்கள்.

தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர்த்துளிகள் தெரிந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குளியலறைக் குழாய்க் கசிவு, வெளிச்சுவர் விரிசல் போன்றவை காரணமாக இருக்கலாம். முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அறையைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால், அது அறைக் காற்றின் ஈரம். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. காற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

பூஞ்சை ஏற்கெனவே இருந்தால் அதன் மேலேயே சாயம் பூசாதீர்கள். சாயத்தைத் துளைத்து மறுபடி வரும். சிறிய இடமாக, அதாவது மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால், முகக்கவசமும் கையுறையும் போட்டு சோப்புநீரால் தேய்த்து, முழுமையாக உலரவைத்து, பிறகு பூசலாம். பிளீச் பயன்படுத்தினால் அம்மோனியா உள்ள எந்தத் திரவத்துடனும் கலக்காதீர்கள். நச்சுவாயு உருவாகும். பரப்பு அதைவிடப் பெரிது என்றால் நிபுணரைக் கூப்பிடுங்கள்.

வேலை நடக்கும்போது மீன்களை மறக்காதீங்க

வீட்டில் ஏற்கெனவே தொட்டி இருந்தால் இது முக்கியம். தொட்டியின் காற்றுப் பம்ப் அறையின் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது. சாய வாடை நமக்குத் தலைவலி. மீனுக்கு உயிர்ப் பிரச்சினை ஆகலாம்.

சாயம் பூசும் நாள்களில் சின்ன மீன்களை வேறு அறைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் தொட்டியை மூடி, பம்பை வேறு அறையில் வைத்து நீளமான குழாய் வழியாகக் காற்றைக் கொண்டுவாருங்கள். ஆவியாகும் ரசாயனம் குறைவாக உள்ள சாயமாகப் பார்த்து எடுங்கள். சிங்கப்பூர்ப் பச்சை முத்திரை உள்ள சாயங்கள் கடைகளில் கிடைக்கும். வாடை முழுமையாகப் போன பிறகே மீன்களைக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. குளியலறைக்கு விற்கப்படும் பூஞ்சைத் தடுப்பு சிலிகோன் சுவர் ஓரத்துக்கு நல்லது. தொட்டிக்குள் அதைப் பயன்படுத்தவே கூடாது. அதில் உள்ள பூஞ்சைக்கொல்லி மீனுக்கு நஞ்சு. தொட்டிக்கென்றே விற்கப்படும் சிலிகோன் வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

வீவக வீட்டில் அனுமதி வேணுமா?

சாயம் பூச வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அனுமதி தேவையில்லை. சுவரை இடிக்கவோ மாற்றவோ அனுமதி கட்டாயம். பெரிய வேலைகளுக்குக் கழகத்தின் பட்டியலில் உள்ள குத்தகையாளரை அமர்த்துங்கள். எந்த வேலைக்கு எது தேவை என்பதைக் கழகத்தின் இணையப்பக்கத்தில் பார்க்கலாம்.

வீட்டுக் காப்பறையின் சுவரை ஒட்டித் தொட்டி வைக்கப் போகிறீர்களா? அந்தச் சுவரில் துளை போடவும் டைல்ஸ் ஒட்டவும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதிமுறைகளை முதலில் பாருங்கள்.

சுவரைப் பற்றிப் பேசும்போது பிளக் பாயிண்டையும் பேசியாக வேண்டும். தொட்டிக்கு நேர் பின்னால் அது இருந்தால் தெறிக்கும் தண்ணீர் அங்கேதான் போகும். வேலை நடக்கும்போதே உரிமம் பெற்ற மின் ஊழியரைக்கொண்டு பக்கவாட்டில், சற்று உயரத்தில் மாற்றிவிடுங்கள். தொட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு ஏறும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைய வேண்டும். வயர் வழியாக வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சாதனம் எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலை 1 நடப்புக்கு வந்தது. பழைய வீடுகளுக்குத் தரப்பட்ட அவகாசம் 2025 ஜூலை 1ஆம் தேதியுடன் முடிந்தது. உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகை வீட்டில் இருக்கீங்களா?

டைல்ஸ் ஒட்ட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். பரவாயில்லை. தொட்டித் தாங்கியின் பின்பக்கச் சட்டத்தில் ஓர் அக்ரிலிக் பலகையை நிறுத்தலாம். சுவரைத் தொடாமல், நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள். தெறிப்பு முழுவதும் பலகையில் படும். வீடு மாறும்போது கூடவே எடுத்துப் போகலாம். தொட்டி வைப்பதற்கு முன் சுவரைப் படமெடுத்து வைப்பது முன்பணத்தைத் திரும்பக் கேட்கும்போது கைகொடுக்கும்.

செலவே இல்லாத வேலைகள்

எவ்வளவு நல்ல பொருளைச் சுவரில் ஒட்டினாலும், ஈரம் குறையாவிட்டால் அது ஒரு நாள் தோற்கும். இவற்றையும் செய்யுங்கள்:

- தொட்டிக்கு மூடி போடுங்கள். ஆவியாகும் தண்ணீரில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். துள்ளும் மீனும் தரையில் விழாது.
- தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். காற்று போகும். துணியும் போகும்.
- பிற்பகலில், வெளிக்காற்று ஓரளவு உலர்ந்திருக்கும்போது சன்னலைத் திறங்கள். விடியற்காலையில் அல்ல.
- தண்ணீர் மாற்றும் நாளில் சுவரையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். நனைந்த எதுவும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பு குறைவு.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ஓர் ஈரப்பதமானி வாங்கி, தொட்டிக்குப் பின்னால் வையுங்கள். அறையின் நடுவில் அல்ல. 60 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் நல்லது. நாள்கணக்கில் 80 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால், சுவர் நன்றாகத் தெரிந்தாலும் ஆபத்துதான். குளிரூட்டியின் ஈரநீக்க முறையோ, ஈரம் உறிஞ்சும் சாதனமோ உதவும். சாதனம் ஓடும்போது அறை கொஞ்சம் சூடாகும் என்பதால் தொட்டியின் வெப்பநிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்

நன்னீர்த் தொட்டி, காய்ந்த உட்சுவர், மூடியும் உண்டு என்றால், பூஞ்சைத் தடுப்பு எமல்ஷன் சாயமே போதும்.

மூடியில்லாத பெரிய தொட்டி என்றால் பின்னால் போர்சலின் டைல்ஸ் அல்லது கண்ணாடி, மற்ற இடங்களில் சாயம்.

கடல்நீர்த் தொட்டி என்றால் டைல்ஸ் அல்லது கண்ணாடி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரூட்டப்பட்ட அறையின் வெளிச்சுவரில் வினைல் வேண்டாம். எந்தச் சுவரிலும் காற்றோட்டமில்லாத மறைவிடத்தை உருவாக்க வேண்டாம்.

புதிதாக சிமென்ட் பூசிய சுவர் என்றால் சாயம் பூசுவதற்கு முன் சுமார் 4 வாரம் காயவிட வேண்டும். குத்தகையாளர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மீன்கள் கடையில் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும்.